கேத்தி பனியும் தாத்தாவின் டீசல் காரும்

போன மாதம் ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு விவாதம் வந்தது. ராமநாதபுரத்து நண்பன் ஒருவன் கேட்டான்: "உங்க ஊர்ல டிசம்பர்ல டீசலே கட்டியாயிடுமாமே? அதனாலதான் காலையில எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகாதாமே?" நான் இல்லை என்றேன். அவன் யூட்யூபில் பார்த்ததாகச் சத்தியம் செய்தான். அவன் பார்த்தது லடாக். எங்கள் ஊர் கேத்தி. இரண்டுக்கும் நடுவில் முப்பது டிகிரி வித்தியாசம்.

ஆனால் அவன் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. டீசல் கட்டியாகாது, சரி. காலையில் பழைய டீசல் வண்டிகள் எடுக்காது என்பதும் சரிதான். அப்படியென்றால் ஏன்? லீவுக்கு வீட்டுக்குப் போனபோது இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன், மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன், கடைசியில் தாத்தாவிடம் போய் நின்றேன். அங்கேதான் வீட்டில் யாரும் பேசாத ஒரு கதையும் வெளியே வந்தது. அதையும் எழுதலாமா என்று தாத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பற்றி. கேத்தி குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிறது. மலை ரயிலில் வந்தவர்களுக்கு அரவங்காடு தாண்டி வரும் ஸ்டேஷன் ஞாபகம் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். கீழே படிப்படியாகக் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், பூண்டு. (உலகின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு என்று சுற்றுலாக்காரர்கள் எழுதி வைத்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் ஊர்ப் பெருமைதான், இருந்தாலும் உண்மை வேண்டாமா!) நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி. மேகம் இல்லாத ராத்திரியில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் தண்ணீர் மாதிரி இறங்கி பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டிலுள்ள வீட்டில் பனி இல்லாத அன்றும் கீழே தோட்டத்தில் புல் வெள்ளையாக இருக்கும். வெப்பமானி 2 டிகிரி, 1 டிகிரி, சில நாள் பூஜ்யம் என்று காட்டும். அவ்வளவுதான். மைனஸ் முப்பது எல்லாம் இங்கே கிடையாது.

டீசலில் மெழுகு இருக்கிறது. குளிர்ந்தால் அது துகள் துகளாகப் பிரிந்து முதலில் ஃபில்டரை அடைக்கும், இன்னும் குளிர்ந்தால் டீசலே ஓடாமல் நின்றுவிடும். இந்தியத் தர நிர்ணயப்படி குளிர்காலத்தில் விற்கும் சாதாரண டீசல் 3 டிகிரி வரை ஓடும் நிலையில் இருக்க வேண்டும், 6 டிகிரி வரை ஃபில்டரை அடைக்கக் கூடாது. கேத்தியின் ஜனவரிக் காலை இந்த எல்லையைத் தொட்டுப் பார்க்கிறது, நான்கு மணி நேரத்தில் வெயில் வந்து காப்பாற்றிவிடுகிறது. லடாக்கில் அந்த வெயிலும் போதாது. அங்கே பல ஆண்டுகளாக டீசலில் மண்ணெண்ணெய் கலந்துதான் ஓட்டினார்கள். 2019 நவம்பரில்தான் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அங்கே விற்கத் தொடங்கியது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது அது.

மண்ணெண்ணெய் எங்கள் ஊரிலும் கலந்தார்கள். குளிருக்காக இல்லை, ரேஷனில் விலை குறைவு என்பதற்காக :-) அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம். மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு. டீசலின் வழவழப்பை நம்பியே ஓடும் பம்பு அதில் தேய்ந்து போகும். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருந்ததே இந்தக் கள்ளத்தனத்தைப் பிடிக்கத்தான்.

சரி, டீசல் உறையவில்லை. பிறகு வண்டி ஏன் எடுக்கவில்லை? இதற்கு ருடால்ஃப் டீசலிடம் போக வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். டீசல் எஞ்சினின் மொத்த ரகசியமும் அதுதான். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வைக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கினால் அது பழுக்கச் சூடாகும், அதில் எண்ணெயைப் பீச்சினால் தானாகப் பற்றும். டீசல் 1892-ல் காப்புரிமை கேட்டு, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டியே காட்டிவிட்டார். ஆனால் அந்த எஞ்சின் ஆள் உயரத்தைத் தாண்டிய ராட்சசன். காருக்குள் வைக்கிற அளவுக்கு அதைச் சின்னதாக்க இன்னும் நாற்பது வருஷம் ஆனது.

சின்னதாக்கியதில்தான் சிக்கல். பென்ஸ் கம்பெனியில் இருந்த ப்ராஸ்பர் லொராஞ்ச் 1909-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணெயை நேராக சிலிண்டரில் பீச்சாமல், மேலே ஒரு குட்டி அறையில் பீச்சிப் பற்றவைத்து, அங்கிருந்து தீயைச் சிலிண்டருக்குள் பாய விடுவது. சத்தம் குறைந்தது, சின்ன எஞ்சினிலும் ஒழுங்காக எரிந்தது. ஆனால் அந்தக் குட்டி அறையின் சுவர்கள் குளிர்ந்த நேரத்தில் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் அறைக்குள் ஒரு மின்சாரக் கம்பியை வைத்துப் பழுக்கக் காய்ச்ச வேண்டியதாயிற்று. அதுதான் ஹீட்டர் பிளக். 1936-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற கார் இந்த ஏற்பாட்டோடுதான் வந்தது. சாவியைத் திருப்பிவிட்டுப் பிளக் காயும்வரை டிரைவர் சும்மா காத்திருக்க வேண்டும். ஜெர்மன்காரர்கள் அந்த நேரத்துக்குக் கிண்டலாக ஒரு பேர் வைத்தார்கள்: 'ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்'. எங்கள் தாத்தாவின் கணக்கில் அது 'பாதி பீடி நேரம்'.

நம் நாட்டில் 1954 முதல் டாடா, மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்தது. அந்தக் கால லாரிகளிலும் இதே குட்டி அறை, இதே பிளக். அவற்றில் பிளக்குகள் தீபாவளி சீரியல் விளக்கு மாதிரி வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் எல்லாம் போச்சு. பிறகு வந்த வகையில் ஒவ்வொரு பிளக்கும் தனித்தனி. ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்யும். கேட்க நல்ல முன்னேற்றம்தான். ஆனால் இதில் ஒரு தீமை உண்டு: ஒன்று செத்தது யாருக்கும் தெரியாது. இரண்டாவது செத்ததும் தெரியாது. 'என்னமோ இப்போ குளிர் அதிகம்' என்று நினைத்துக்கொள்வோம். இந்த விஷயம் கீழே தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் என்று பார்த்தால், 1980-ஐ ஒட்டித்தான் டீசல் அம்பாசடர் வந்தது. 1,489 சிசி, 37 குதிரைத்திறன். இன்றைய ஸ்கூட்டர்களோடு ஒப்பிட்டுச் சிரிக்காதீர்கள், அதுதான் அன்றைய டாக்சிக்காரர்களின் குலதெய்வம். டீசல் விலையை அரசாங்கமே குறைத்து வைத்திருந்த காலம் (அந்தக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் போனது. அதே 2014-ல் அம்பாசடரும் நின்றுபோனது). எங்கள் தாத்தா 1991-ல் ஒரு பழைய டீசல் அம்பாசடர் வாங்கி, கேத்தியில் டாக்சி ஓட்ட ஆரம்பித்தார்.

இப்போது அந்தக் கார் ஜனவரி மாதம் காலை நாலு மணிக்கு எங்கள் வீட்டு முன்னால் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2 டிகிரி. கோவை வெயிலில் 30 டிகிரி காற்றை இழுத்து நெருக்கும்போது கிடைக்கும் சூட்டைவிட, இந்தக் காற்றை நெருக்கினால் கிடைப்பது அறுபது எண்பது டிகிரி குறைவு. (தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவன் சொல்கிறேன், இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.) உயரம் வேறு. கேத்தியில் காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். கொஞ்சக் காற்று, அதே அளவு குளிர்ந்த இரும்பு. சூடு சீக்கிரம் சுவருக்குப் போய்விடும். சம்பில் இருக்கும் 40-ம் நம்பர் ஆயில் கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகியிருக்கும். பாட்டரியோ, வெயிலில் நூறு பங்கு பலம் என்றால் பூஜ்யம் டிகிரியில் ஏறக்குறைய அறுபத்தைந்து பங்குதான் தரும். அதாவது எஞ்சினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படும் அதே நேரத்தில் பாட்டரியில் பலம் குறைகிறது. ஸ்டார்ட்டர் 'ர்ர்... ர்ர்...' என்று முனகும். மெதுவாகச் சுற்றச் சுற்ற, நெருக்கிய காற்று ரிங் இடுக்கில் கசியும், சூடும் போகும். சைலன்சரில் வெள்ளைப் புகை மட்டும் வரும். அது எரியாத டீசல்.

தாத்தா இதற்கு என்னென்ன செய்தார் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். ராத்திரி பானெட் மேல் சாக்குப் போட்டு மூடுவார், பனிக்குத் தேயிலைச் செடியைத் தாகைச் செடியால் மூடுவார்களே, அதே மாதிரி. ராத்திரியே ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு, காலையில் விறகடுப்பில் காய்ந்த வெந்நீரை ஊற்றுவார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இரும்பு விரிசல் விடும், அதனால் கை பொறுக்கும் சூடு. பாட்டரியைக் கழற்றி அடுப்படியில் வைப்பார் (பாட்டிக்கு அது பிடிக்கவே பிடிக்காது). டேங்கை மாலையிலேயே நிரப்பிவிடுவார். காலி டேங்கில் ராத்திரிக் குளிருக்கு வியர்த்து நீர் சேரும். கேத்தியில் உறையக் கூடியது டீசல் இல்லை, டீசலில் கலந்த தண்ணீர். ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து வாரம் ஒரு முறை அதை வடித்துவிட வேண்டும். இதெல்லாம் எந்த மேனுவலிலும் பார்த்துச் செய்ததில்லை. ஆனால் எல்லாமே சரியான பௌதிகம்!

சரியில்லாததும் ஒன்று உண்டு. மண்ணெண்ணெயில் நனைத்த துணிப்பந்தத்தைக் கொளுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் காற்று இழுக்கும் வாய்ப்பக்கம் காட்டுவது. லாரிக்காரர்கள் செய்வார்களாம். எஞ்சின் சூடான காற்றை இழுத்துப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் ரப்பர் குழாய், எண்ணெய்க் கசிவு எல்லாம் இருக்கிற இடத்தில் நெருப்பு! வேடிக்கை என்னவென்றால், இதையே பாதுகாப்பாகச் செய்யும் கருவி ஒன்று கம்பெனியிலேயே உண்டு. பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டார்ட் என்று ஒன்று வரும். உள்ளிழுக்கும் குழாய்க்குள்ளேயே துளித்துளியாக டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கும். சென்னை சிம்ப்சன் கம்பெனி செய்தது இந்தப் பெர்கின்ஸ் எஞ்சின்களைத்தான்.

குளிர் நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்த்தேன். ரஷ்யர்களின் டி-34 டாங்கியின் டீசல் எஞ்சினில் ஸ்டார்ட்டர் மோட்டார் கைவிட்டால் உதவ, அழுத்திய காற்று நிரம்பிய சிலிண்டர்கள் இருந்தன. அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமேன் என்பவர் எஞ்சினையே ராத்திரி முழுக்கக் கதகதப்பாக வைக்கும் மின்சார ஹீட்டரைச் செய்து 1949-ல் காப்புரிமை வாங்கினார். கனடாவில் இன்றும் கார் நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்ட் இருக்கும். நமக்கு அந்தக் காலத்தில் வீட்டுக்கே கரண்ட் ஒழுங்காக இல்லை.

நமக்கு இருந்தது இறக்கம்.

இதுதான் நான் சொல்ல வந்தது. கேத்தியில் வண்டியை ஸ்டார்ட் செய்தது ஹீட்டர் பிளக் இல்லை, சரிவுதான். டாக்சிக்காரர்கள் எல்லோரும் ராத்திரி வண்டியை மூக்கு கீழே பார்க்க நிறுத்துவார்கள். சக்கரத்துக்கு ஒரு கல். காலையில் கல்லை எடுத்து, கிளட்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டு உருளவிட்டு, ஓட்டமாக ஓடும் வேகம் வந்ததும் கிளட்சை விடுவது. ஒரு உதறல், ஒரு இருமல், வெள்ளைப் புகை மூட்டம், பிறகு 'டக டக டக'. மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த வேகத்தில் சக்கரம் எஞ்சினைச் சுற்றுவது குளிரில் முனகும் ஸ்டார்ட்டர் சுற்றுவதைவிடப் பல மடங்கு வேகம். சூடு தப்பிக்க நேரமே கிடைக்காது. பிளக் செத்திருந்தாலும் பற்றும். பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்குக் கரண்டே தேவையில்லை. அணைப்பதற்கும் ஒரு நாபை இழுக்க வேண்டும், அவ்வளவுதான்.

1993 ஜனவரியில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடுராத்திரி வலி எடுத்தது. பாட்டரி சுத்தமாகப் படுத்துவிட்டது. தாத்தாவும் அவர் தம்பியும் (எனக்குச் சின்னத் தாத்தா) கல்லை எடுத்துவிட்டு உருட்டி எடுத்து, நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. இன்றும் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வருகிறது. இதைத் தாத்தா எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

அவர் சொல்லாத கதை 2001 ஜனவரியில் நடந்தது. அப்போது அவர் அம்பாசடரை ஷெட்டில் விட்டுவிட்டு, ஏழெட்டுப் பேர் உட்காரும் புது ரக டீசல் வண்டி ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். தப்பு வண்டியுடையது அல்ல. கோவையில் காலை ரயிலைப் பிடிக்க ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போக வேண்டும். மணி மூன்று. ஸ்டார்ட்டர் முனகியது. தாத்தா யோசிக்கவே இல்லை. பத்து வருஷப் பழக்கம். சின்னத் தாத்தா கல்லை எடுத்துவிட்டு ஓடி வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி உருண்டது. கிளட்சை விட்டார், பற்றவில்லை. மறுபடி மிதித்து இன்னும் கொஞ்சம் வேகம் வரட்டும் என்று விட்டார். கீழே திருப்பம் வந்தது. பிரேக்கை மிதித்தார்.

"பாறைய மிதிச்ச மாதிரி இருந்துச்சு கண்ணு" என்றார் என்னிடம்.

இங்கேதான் எனக்கு நான் படிக்கிற படிப்பு முதல் முறையாகப் பயன்பட்டது. தாத்தாவின் அம்பாசடரில் பிரேக்குக்குப் பூஸ்டர் கிடையாது. காலின் பலம் நேராகப் பிரேக்குக்குப் போகும். எஞ்சின் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். புது வண்டி கனமானது, அதனால் வாக்குவம் பூஸ்டர் வைத்திருந்தார்கள். பெட்ரோல் எஞ்சினில் வாக்குவம் தானாகக் கிடைக்கும். டீசலில் கிடைக்காது, அதற்கென்று எஞ்சினோடு சுழலும் தனிப் பம்பு உண்டு. எஞ்சின் நின்றிருந்தால் பம்பும் நிற்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மிச்சமிருந்த வாக்குவமும் கசிந்து போயிருக்கும். கிளட்சை மிதித்துக்கொண்டு அந்த வண்டியில் இறக்கத்தில் உருள்வது என்பது, ஏறக்குறைய பிரேக் இல்லாமல் உருள்வது. முழு பலத்தையும் போட்டு மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும். அது தெரிந்திருந்தால்தானே! அவர் பிரேக் ஜாம் ஆகிவிட்டது என்று நினைத்து, காலை எடுத்து எடுத்து மிதித்திருக்கிறார்.

வண்டி திருப்பத்தில் திரும்பாமல் கேரட் தோட்டத்தின் ஒரு படி கீழே விழுந்தது. ரயிலுக்குப் போக வேண்டியவர்கள் இன்னும் ஏறவில்லை, அதுதான் புண்ணியம். தாத்தாவுக்குச் சிராய்ப்பு. சின்னத் தாத்தாவுக்குத் தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்தார்கள். அவர் இன்றுவரை கைத்தடியோடுதான் நடக்கிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அவர் அப்படித்தான். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. அந்த வண்டியை விற்றுவிட்டார்கள். தாத்தா அதன்பிறகு டாக்சி ஓட்டவில்லை.

இப்போது வரும் டீசல் கார்களை உருட்டி எடுக்கவே முயற்சி செய்யாதீர்கள். எல்லாம் கம்ப்யூட்டர். பாட்டரி செத்திருந்தால் இஞ்செக்டரே திறக்காது. அதற்குத் தேவையும் இல்லை. புது வகைப் பிளக் இரண்டே விநாடியில் ஆயிரம் டிகிரியை நெருங்கிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடத்தை இனி அனுசரிக்க ஆள் குறைவு.

ஆனால் எங்கள் ஷெட்டில் அம்பாசடர் இன்னும் இருக்கிறது. இந்த லீவில் மெக்கானிக் அண்ணனும் நானும் அதைத் தொட்டோம். பழைய ஆயிலை வடித்துவிட்டு 20 டபிள்யூ 40 ஊற்றினோம். குளிரில் கொஞ்சம் இளக்கமாக, சூட்டில் கெட்டியாக இருக்கும் வகை. டேங்கைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, புது பாட்டரி வைத்தோம். பிறகு பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொன்றாக டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தோம். நாலில் மூன்று செத்திருந்தது. எப்போது செத்ததோ! தாத்தாவிடம் கேட்டேன், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று. "மாத்துனதே இல்ல கண்ணு. அதான் இறக்கத்துல எடுத்துக்குமே" என்றார்.

புதுப் பிளக் நாலு போட்டு, டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஷெட்டுக்குள் சமதரையில், யாரும் தள்ளாமல் சாவியைத் திருப்பினேன். வெளியே புல் வெள்ளையாக இருந்தது. முப்பது வரை எண்ணினேன். ஸ்டார்ட்டர் இரண்டு சுற்று சுற்றியதும் பிடித்துக்கொண்டது. புகை கூட அதிகம் இல்லை.

சின்னத் தாத்தா சத்தம் கேட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தாத்தா பானெட் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னிடம், ஒரு பிளக் என்ன விலை என்று கேட்டார்.

சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், தம்பிக்கும் சேர்த்து இரண்டு டம்ளர் டீ எடுத்துக்கொண்டு வந்தார்.